அடுத்த மெசேஜ்

ஜூன் 3, திங்கள்

வீட்டில் கேட்டால் லைனிங் துணி வாங்கப் போனேன் என்று சொல்வதற்காக, பேங்க்கிலிருந்து திரும்பும் வழியில் லைனிங் துணியும் வாங்கிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

கௌசிகா வீட்டை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை பார்த்தாள். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை. என் வீட்டுக்காரர் அன்றைக்கே கிணற்றடியில் தலை முழுகிவிட்டு வந்து, "எனக்கு ஒரே பையன்தான்" என்றார். அதன் பிறகு அவள் பெயரை இந்த வீட்டில் சத்தமாகச் சொல்வதில்லை.

அவளுடைய பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு எல்லாம் தரணியின் பீரோவில் இருக்கின்றன. தரணி என் மூத்தவன். புதிதாக ஓர் ஊரில் கணக்குத் திறக்க வேண்டும் என்றால் விலாசம் கேட்பார்களாம். விலாசம் என்று ஒன்று அவர்களுக்கு இப்போது இல்லை.

அதனால்தான் பேங்க்குக்குப் போனேன். அங்கே பெனசிர் என்ற பெண், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். பொறுமையாகச் சொன்னாள்.

"இது பார்க்க கிரெடிட் கார்டு மாதிரியே இருக்கும்மா. ஆனா கடன் கிடையாது. நீங்க முன்கூட்டிப் பணம் போட்டா உள்ளே இருக்கும். போடலைன்னா வெறும் பிளாஸ்டிக். ப்ரீபெய்டுன்னு சொல்வாங்க."

"வேற ஒருத்தர் வெச்சுச் செலவு பண்ணலாமுங்களா?"

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்க பேர்லதான் தருவேன். கார்டு யார் பையில இருக்குன்னு நான் பார்க்க மாட்டேன்மா. வேற ஆள்கிட்டக் குடுத்துத் தொலைஞ்சா பொறுப்பு உங்களோடதுதான். தொலைஞ்சாலும் அதுல இருக்கிற காசோட போச்சு. உங்க கணக்கை யாரும் தொட முடியாது."

பாரத்தில் செல்போன் எண் கேட்டிருந்தது. என் எண்ணை எழுதினேன். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அந்த எண்ணுக்கு மெசேஜ் வருமாம். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

ஜூன் 10, திங்கள்

டெய்சி ரவிக்கை அளவு கொடுக்க வந்தாள். கௌசிகாவோடு வேலை பார்த்த பெண். ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறாள். கௌசிகா எங்கே இருக்கிறாள் என்று தெரிந்த ஒரே ஆள். நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் மேல்மாடி அறைக்கு ஆண்கள் வருவதில்லை என்பதால் எதையும் அங்கே வைத்துப் பேசலாம். இந்த டைரியையும் அங்கேதான் வைத்திருக்கிறேன்.

கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுத்தேன்.

"நம்பர் தரட்டுமா ஆன்ட்டி? ஒரு தடவை பேசுங்களேன்."

"வேண்டாம் கண்ணு. என் போனை எல்லாரும் எடுப்பாங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் டேப்பை எடுத்துத் தோளளவு பார்க்க ஆரம்பித்தேன்.

ஜூன் 14, வெள்ளி

வந்துவிட்டது. ஒரு மளிகைக் கடை. நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். கடைப் பெயருக்குப் பின்னால் ஊர்ப் பெயரும் இருந்தது. அதை இங்கேகூட எழுதப் போவதில்லை.

நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்க்கு என்ன வாங்கியிருப்பாள் என்று பிற்பகல் முழுவதும் யோசித்தேன். அரை கிலோ துவரம்பருப்பும் ஒரு சோப்பும் இருக்கலாம். படித்ததும் மெசேஜை அழித்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

இந்த வாரம் மூன்று முறை வந்தது. காய்கறிக் கடை, ஸ்டவ் பழுது பார்க்கும் கடை, மறுபடியும் அதே மளிகை. ஒரே ஊர்தான். நிலையாக ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஸ்டவ் வைத்திருக்கிறார்கள் என்றால் சமைக்கிறாள். இங்கே இருந்தவரை ரசம் வைக்கத் தெரியாது அவளுக்கு.

மத்தியானம் கொழுந்தனார் சிவலிங்கம் சாப்பிட வந்தார். மனை வாங்கி விற்கும் தொழில் அவருக்கு; தரணி அவரிடம்தான் வேலை பார்க்கிறான். இலையில் கை வைப்பதற்கு முன்பே சொன்னார்:

"எங்கிருந்தாலும் நல்லா இருக்கட்டும் அண்ணி. ஒரே ஒரு தடவை நேர்ல பார்த்துப் பேசினாப் போதும். மனசு ஆறிடும்."

"யாருக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

கொழுந்தனார் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். பரவாயில்லை, எல்லாரும் இறங்கி வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

கார்டில் பணம் போடப் போனேன். ஒவ்வொரு தடவை போடும்போதும் பேங்க் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. ஏ.டி.எம்.மில் எடுத்தால் தனியாக ஒன்று, மீதி எவ்வளவு என்று பார்த்தால் அதற்கு ஒன்று. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பிடிப்பார்களாம். ஒரு தேதிக்கு மேல் கார்டே செல்லாதாம்.

"நம்ம காசை நாம வெச்சுக்கறதுக்கே கூலிங்களா?" என்று கேட்டேன்.

பெனசிர் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அம்மா, மெசேஜ் வர்ற நம்பரை வேணும்னா மாத்திடலாம். கார்டு வெச்சிருக்கிறவங்க நம்பருக்கே போயிடும். உங்களுக்கு வராது. அதுதான் நல்லதுன்னு எனக்குத் தோணுது."

நான் எதுவும் சொல்லாமலே அவளுக்கு எவ்வளவோ தெரிந்திருக்கிறது. மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மெசேஜும் வராவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

ஜூலை 5, வெள்ளி

தரணி இரண்டு நாளாக என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். மார்ச்சுக்குப் பிறகு இப்போதுதான். என் போனுக்குப் புது உறை வாங்கி வந்தான். "ரொம்ப ஸ்லோவா இருக்கும்மா, அப்டேட் பண்ணித் தர்றேன்" என்று வாங்கிக்கொண்டு போய், சாயங்காலம் திருப்பிக் கொடுத்தான்.

"அவ எங்க இருக்கான்னு உனக்குத் தெரிஞ்சா சொல்லும்மா. கல்யாணத்துக்குத்தான் சீர் செய்ய முடியலை. ஒரு பீரோ, கட்டிலாவது வாங்கித் தரலாம்."

"எனக்கெப்படிடா தெரியும்?"

"தெரிஞ்சா சொல்லுன்னுதான் சொல்றேன். நான் என்ன வெட்டியா போடப் போறேன்?"

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சொல்லை அவனாகத்தான் சொன்னான். நான் கேட்கவில்லை.

சின்ன வயதில் கௌசிகாவுக்கு ஜுரம் என்றால் அவனும் பள்ளிக்கூடம் போகமாட்டான். அவனுக்குத் தங்கை மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. இந்த மாதம் ரவிக்கை ஆர்டர் குறைவுதான். ஆவணிக் கல்யாணங்களுக்கு இனிமேல்தான் வரும். தையல் மெஷின்களுக்கு எண்ணெய் போட்டேன்.

மருந்துக் கடையிலிருந்து இரண்டு மெசேஜ். பத்து நாள் இடைவெளியில் ஒரே தொகை. ஒரே மாத்திரையை மறுபடி வாங்கியிருக்கிறாள். தலைவலி, ஜுரம் என்றால் பத்து நாள் கழித்து அதையே வாங்கமாட்டார்கள். இரண்டிலும் கடைப் பெயர் மட்டும்தான் இருந்தது, ஊர் இல்லை. சில கடைகளின் கார்டு மெஷின்களில் அப்படித்தான் வரும் போலிருக்கிறது. இந்த மாதம் வேறு மெசேஜ் இல்லை; மளிகைக்கு ரொக்கமாகக் கொடுக்கிறார்கள் போல.

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது. நல்ல பயம்தான்.

ஜூலை 18, வியாழன்

போனை ஜன்னலில் வைத்த ஞாபகம். ஃபிரிட்ஜ் மேல் இருந்தது.

ஜூலை 24, புதன்

அன்னை ஸ்கேன்ஸ். தொள்ளாயிரம் ரூபாய்.

அடுப்படியில் நின்றபடியே படித்தேன். பால் பொங்கி வழிந்துவிட்டது. பிறகு பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆடி மாதம், அம்மனுக்கு என்றேன். இரண்டு டம்ளர் குடித்தார். தாத்தா ஆகப்போகிறார், அவருக்குத் தெரியாது.

தரணி பாயசம் வேண்டாம் என்றான். சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை 25, வியாழன்

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினேன். தரணி படிக்கட்டுக்குக் கீழே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் இறங்குவதைப் பார்க்கவில்லை.

"ஆமா சித்தப்பா, ஸ்கேன் எடுத்திருக்கா. ... இல்லை, ஊர் வரலை. வெறும் அன்னை ஸ்கேன்ஸ்னுதான் இருக்கு. ... சரி. அடுத்த மெசேஜ் வரட்டும். வராமயா போயிடும்? ... ஆமா, லேட் பண்ணக் கூடாது. அது வேற ஆயிடுச்சே இப்போ."

நான் மறுபடி மாடிக்கு ஏறிப் போய், காயப்போட்ட துணிகளையெல்லாம் எடுத்து இன்னொரு தடவை உதறிக் காயப்போட்டேன்.

இன்று இரண்டு ரவிக்கைக்குக் கை தப்பாக வெட்டினேன்.

ஜூலை 26, வெள்ளி

போனை பெனசிரின் மேஜையில் வைத்தேன். "இதுல என்ன இருக்குன்னு பாரு கண்ணு" என்றேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"உங்களுக்கு வர்ற மெசேஜ் எல்லாம் அப்படியே இன்னொரு நம்பருக்குப் போகுதும்மா. இந்த மாசம் அஞ்சாம் தேதி போட்டிருக்காங்க. எடுத்துடட்டுமா?"

"எடுத்தா அவனுக்குத் தெரிஞ்சிடுமா?"

"மெசேஜ் நின்னா தெரியாமயா இருக்கும்?"

கார்டை முடக்கலாமா என்று கேட்டேன். முடக்கினாலும் மெசேஜ் வருமாம். முடக்கியது தெரியாமல் அவள் ஏதாவது கடையில் நீட்டினால், 'செல்லாது' என்று கடைப் பெயரோடு ஒரு மெசேஜ் வரலாமாம். எண்ணை மாற்றினாலும் பழைய எண்ணுக்குத் தகவல் வருமாம்.

"போலீஸ்ல சொல்லுங்கம்மா" என்றாள்.

"என்னன்னு சொல்றது? என் பையன் அவகூடப் பேசணும்னு சொல்றான். அவ்வளவுதானே?"

அவள் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.

அன்றைக்கு எண்ணை மாற்றலாம் என்று சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

ஜூலை 28, ஞாயிறு

டெய்சியின் போன் அணைந்திருக்கிறது. லேபுக்குப் போய்க் கேட்டேன். அவள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருக்கிறாளாம். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மெசேஜ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது கார்டு மெசேஜாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். போன மாதம் அதே சத்தத்துக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. காவிரிக்குப் போனோம். இந்த வருஷம் நல்ல வெள்ளம், இறங்க விடவில்லை. தூரத்திலிருந்தே விளக்கேற்றிக் கும்பிட்டோம். கூட்டத்தில் என் பையில் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற தரணி உடனே தன் போனை எடுத்துப் பார்த்தான். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மெசேஜைப் படித்தோம். ரீசார்ஜ் சலுகை.

அவன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "வெயில் ஏறுதும்மா, முந்தானையைத் தலையில போட்டுக்க" என்றான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டெய்சி கூப்பிட்டாள். தைத்த ரவிக்கை சேரவில்லை, பிரிக்க வேண்டும் என்று சொல்லி அவளை வரவழைத்தேன். மேலே வந்ததும் சொன்னேன்: கார்டை இனிமேல் தொடக் கூடாது. கூரியரில் உன் விலாசத்துக்கு அனுப்பிவிடச் சொல். அந்த ஊரை விட்டு உடனே கிளம்பச் சொல்.

"எங்கே போவாங்க ஆன்ட்டி? அவருக்கு இப்பத்தான் அங்கே ஒரு கிளினிக்ல வேலை கிடைச்சிருக்கு. கௌசிக்கு வாந்தி வேற நிக்கலை. ஒரு வாரமாவது வேணும்."

என் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். விற்று அனுப்பச் சொன்னேன். போகும் இடம் எது என்று என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

"உங்ககிட்டக்கூடவா?"

"எங்கிட்டத்தான் முதல்ல சொல்லக் கூடாது."

கை வெறுமையாக இருப்பதை வீட்டுக்காரர் பார்த்தார். பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

கார்டு திரும்பி வந்துவிட்டது. ஓரம் தேய்ந்து, மேலே கீறல் விழுந்திருக்கிறது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். எந்த வாசனையும் இல்லை.

மகளிர் குழுவில் ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில்களுக்குப் போகிறார்கள். மதுரை, மண்டைக்காடு, கடைசியில் கன்னியாகுமரி. வேனில் ஓர் இடம் காலி இருப்பதாகச் சொன்னார்கள். வரவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கொழுந்தனார் வந்திருந்தார். நான் காபி கலக்கும்போது கூடத்தில் பேசியது கேட்டது. என் காதில் விழட்டும் என்று பேசவில்லை; விழுந்தாலும் பரவாயில்லை என்றுதான் பேசினார்கள்.

"அன்னை ஸ்கேன்ஸ்ங்கிற பேர்ல மூணு ஊர்ல இருக்கு. ரெண்டு ஊர்ல விசாரிச்சாச்சு, அங்கே இல்லை. ஞாயித்துக்கிழமை மூணாவதுக்குப் போவோம். வண்டிக்கு டீசல் போட்டு வை தரணி."

மூன்றாவது ஊர் எது என்று சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

வீட்டுக்காரர் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பினார்.

காபியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன். பிறகு உள்ளே வந்து, வேனில் நானும் வருகிறேன் என்று குழுத் தலைவிக்குப் போன் செய்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

நாகர்கோவில்.

காலையில் மண்டைக்காட்டில் தரிசனம் முடிந்தது. மற்றவர்கள் கன்னியாகுமரிக்குக் கிளம்பினார்கள். இங்கே எனக்கு ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது, பார்த்துவிட்டு பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி இறங்கிக்கொண்டேன்.

பெரிய மருந்துக் கடை ஒன்றைத் தேடிப் போனேன். உள்ளே போகும் முன், இந்தக் கடையில் கார்டு தேய்த்தால் வரும் மெசேஜில் ஊர்ப் பெயர் வருமா என்று வெளியே வந்த ஒருவரிடம் கேட்டேன். விசித்திரமாகப் பார்த்துவிட்டு, தன் போனைக் காட்டினார். வந்திருந்தது.

கர்ப்பிணிகளுக்கான சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், கால்சியம் மாத்திரை. "எத்தனையாவது மாசம்?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள். "மூணு" என்றேன். "அப்போ இந்த மாத்திரை இப்போ வேண்டாம், அடுத்த மாசத்துல இருந்து குடுங்க" என்று எடுத்து வைத்துவிட்டாள். யாரும் சாப்பிடப் போவதில்லை. ஆனாலும் சரியானதைத்தான் வாங்கினேன்.

கார்டைத் தேய்த்து எண்ணை அழுத்தினேன். என் கைப்பைக்குள் சத்தம் கேட்டது. கடைப் பெயர், பின்னால் நாகர்கோவில்.

சாயங்காலம் ஒரு துணிக்கடையில் பிறந்த குழந்தைக்கான சட்டை இரண்டு வாங்கினேன். மறுபடி மெசேஜ். லாட்ஜில் அறை எடுத்து, முதல் வேலையாகப் போனை சார்ஜில் போட்டேன். அது அணைந்துவிடக் கூடாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

விடிந்ததும் தரணி கூப்பிட்டான். வண்டி ஓடும் சத்தம் கேட்டது.

"அம்மா, எங்க இருக்கே?"

"நாகர்கோவில்லப்பா."

"தெரியும். லாட்ஜ் பேர் சொல்லு."

சொன்னேன்.

"அவளைப் பார்த்துட்டியா?"

நீ சாப்பிட்டியா என்று கேட்டேன்.

"சரி, விடு. மூணு பேரும் நல்லா இருக்காங்கதானே? நீ எதுவும் சொல்லிக்காதே. நாங்க வர்ற வரைக்கும் அவளை எங்கயும் போக விடாதே. சாப்பாடு கீப்பாடு வாங்கிக் குடு."

மூன்று பேர் என்று அவன் சொன்னது காதிலேயே நின்றது. பிறக்காததையும் சேர்த்து எண்ணி வைத்திருக்கிறான்.

போனை வைத்ததும் மகளிர் காவல் நிலையத்துக்கு ஆட்டோ பிடித்தேன். இன்ஸ்பெக்டர் அம்மா அப்போதுதான் வந்திருந்தார். போனைக் காட்டினேன். பெனசிர் சொன்னதைச் சொன்னேன். மூன்று ஊர் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்ன பிறகும் அவர் கேட்டார்:

"சரிம்மா. உங்க புகார் என்ன? ஒரு வரியில சொல்லுங்க."

இத்தனை நாளாக இங்கே எழுதாத வரி அது. ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது எழுதிவிட்டு டைரியை மூடியிருக்கிறேன்.

"என் மகன் என் மகளைக் கொல்றதுக்கு வந்துட்டிருக்கான்" என்றேன்.

எழுதிக்கொண்டார். "மகள் பேரு?"

"கௌசிகா."

"மருமகன் பேரு?"

"கலைவாணன்" என்றேன். அந்தப் பெயரை இதுவரை நான் சொன்னதில்லை. எழுதுவதும் இப்போதுதான்.

"இப்போ எந்த ஊர்ல இருக்காங்க?"

"தெரியாதுங்க."

அதற்குள் அவர்கள் அந்த ஊரை விட்டுக் கிளம்பியிருப்பார்கள். நேற்றே டெய்சி பேசினாள். "ரவிக்கை ரெடி ஆன்ட்டி, வந்து எடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவர்கள் கிளம்பினால் அப்படிச் சொல்லும்படி நான்தான் சொல்லியிருந்தேன்.

மத்தியானம் தாண்டி வண்டி வந்தது. லாட்ஜ் வாசலில் நான் நின்றிருந்தேன். சாதா உடையில் இரண்டு போலீஸ்காரர்கள் டீக்கடையில் இருந்தார்கள். கொழுந்தனார் முதலில் இறங்கினார். "எந்த ரூம் அண்ணி?" என்றார். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்கும் அதே குரலில்தான் கேட்டார்.

தரணி இறங்கி நேராக என்னிடம் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்கம்மா அவ?"

"அவ வரலை தரணி. நான்தான் கார்டைத் தேய்ச்சேன்."

புரிந்துகொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். வண்டியின் பின் சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றி இரண்டு அரிவாள் இருந்தது. புதுசு. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பையில் தரணிக்கு மாற்று உடை. இஸ்திரி போட்டது. வியாழக்கிழமை நான்தான் இஸ்திரி போட்டேன்.

ஸ்டேஷனில் அவனை என் எதிரில் உட்கார வைத்திருந்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே, "காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலைம்மா" என்றான். நான் எழுந்து வெளியே போய் நாலு இட்லி வாங்கி வந்து கொடுத்தேன். சாப்பிட்டான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வீட்டுக்காரர் ஸ்டேஷன் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"எனக்கு ஒரே பையன். அவனையும் உள்ள வெச்சுட்டே."

"அவ உயிரோட இருக்கா" என்றேன்.

வைத்துவிட்டார்.

செப்டம்பர் 20, வெள்ளி

மதுரையில் பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கிறேன். இன்ஸ்பெக்டர் அம்மாதான் சேர்த்துவிட்டார். பக்கத்தில் நைட்டி தைக்கும் கம்பெனியில் வேலை. ஒரே மாதிரி தையல், அளவெடுக்க வேண்டியதில்லை. யாரும் எதிரில் வந்து நிற்பதுமில்லை.

போன வாரம் தரணிக்கும் கொழுந்தனாருக்கும் ஜாமீன் கிடைத்துவிட்டது. தோட்டத்து வேலைக்கு வாங்கிய அரிவாள் என்று வக்கீல் சொன்னாராம். மகளைக் காணவில்லை என்ற கவலையில் தேடி வந்தார்களாம். அதுவும் பொய் என்று சொல்ல முடியாது.

என் பழைய போன் சாட்சியாகக் கோர்ட்டில் இருக்கிறது. கார்டும்தான். அதில் ஏதோ சில்லறை மிச்சம் இருந்தது. மாதாமாதம் பேங்க் பிடித்துக்கொண்டு, மெசேஜும் அனுப்பிக்கொண்டிருக்கும். அணைந்து கிடக்கும் போனுக்கு.

டெய்சி வேலையை விட்டுவிட்டாள். லேப் வாசலில் யாரோ இரண்டு முறை வந்து அவளை விசாரித்தார்களாம். போவதற்கு முன் ஒரு தடவை பேசினாள். கௌசிகா நன்றாக இருக்கிறாள், ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது என்றாள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

புது எண்ணை இரண்டு பேருக்குத்தான் கொடுத்தேன். ஒன்று டெய்சி. இன்னொன்று என் வீட்டுக்காரர். ஈஸிசேரில் தனியாகக் கிடக்கிறாரே, ஏதாவது ஒன்று என்றால் யார் சொல்வார்கள் என்று கொடுத்துவிட்டேன்.

இன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. டெய்சியிடம் எண்ணை வாங்கி கௌசிகா கூப்பிடலாம். அப்பாவிடம் வாங்கித் தரணி கூப்பிடலாம். அவளாக இருந்தால், அம்மா என்று அவள் கூப்பிட்ட பிறகு எங்கே இருக்கிறாய் என்று என்னால் கேட்காமல் இருக்க முடியாது. எனக்குத் தெரியாத வரைக்கும்தான் தரணிக்கும் தெரியாது.

அடித்து நின்றது. சாப்பாட்டு டப்பாவை மூடினேன். மறுபடியும் அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெஷினுக்குப் போனேன்.